நூலின் மொழியும் நோயாளியின் மொழியும்

(நம் சங்கக் கல்விக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐரோப்பாவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் ஆங்கில வாயிலாக மருத்துவம் பயிலுதல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தமிழ்ப் பண்டிதனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் ஐயுறக்கூடும். யான் பேசப் புகுவது மருந்தைப்பற்றி அன்று, மொழியைப்பற்றியே. அன்றியும், கடல் கடந்து மருத்துவம் பயிலச் செல்வார்க்கு நம் கல்வி நிதியினின்று கடனுதவி செய்யலாமா என்னும் வினா இன்று இவ்வவையின்முன் நிற்கின்றது. அதற்கு விடை காணவும் இப்பேச்சு ஒருசிறிது துணையாகும் என நம்புகின்றேன்.

இத்தாலி நாட்டில், வெனிசு நகருக்கு மேற்கே, பாதுவா என்றோர் ஊர் உளது. பொலோனாவினின்றும் வெளிப்போந்த ஆசிரியரும் மாணவரும் 1222-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பல்கலைக்கழகம் கண்டனர். உடற்கூறு கற்பிக்குங்கால், ஆசிரியர் மேடைமீதமர்ந்து பழநூலை வாசிப்பதும், கீழே வேறொருவன் பிணத்தை அறுத்துக் காட்டுவதும் அந்நாளைய வழக்கம். 1537-இல் ஆசிரியராய் அமர்ந்த வெசாலியசு என்னும் இளைஞரோ தாமே இறங்கி வந்து, தம் கையால் அறுத்து, கண்டதைக் கண்டவாறே காட்டினார். பழைய ஆசிரியராகிய கேலன் எழுதியவற்றுள் பல, விலங்கின் உடலைக் கண்டு எழுதியவை என்பதை 1543-இல் வெளிவந்த அவர்தம் பெருநூல் மெய்ப்பித்தது. 1545-இல் அங்கே மூலிகைத் தோட்டம் அமைந்தது. 1595-இல் ஆறு அடுக்குகளாக மரத்தாலான உடற்கூற்று அரங்கு திறக்கப்பெற்றது. இரண்டும் இன்றும் உள்ளன.

அவ்வூரில் 1602-இல் பட்டம் பெற்றவருள் ஒருவர் வில்லியம் ஹார்வி. குருதிக் குழாய்களிலுள்ள தடுக்கிதழ்களை அவர்க்குக் காட்டியவர் ஆசிரியர் பப்ரீசியசு. அவை ஏன் ஒருபக்கமே திறக்கின்றன என்று வினவிய மாணாக்கர், குருதி உடலைச் சுற்றியோடுகின்றது என்னும் உண்மையை 1628-இல் உலகறிய உரைத்தார்.

இங்கே ஒரு வியப்பைக் காண்மின். ஹார்வி ஆங்கிலேயர், எனினும் அவர் கற்றதும், தம் நூலை எழுதியதும் இலத்தீன் மொழியில். தம் தாய்மொழியை விடுத்து ஆங்கிலேயர் சென்று கற்ற அதே பாதுவாவில், இன்று ஆங்கிலமே பாடமொழியாக ஆறாண்டு மருத்துவக் கல்வி நடைபெறுகின்றது. இத்தாலியின் வேறு பல அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இவ்வசதி உண்டு. ஐமாட் என்னும் நுழைவுத் தேர்வில் 100 நிமிடத்தில் 60 வினாக்கட்கு விடையளித்தல் வேண்டும்; தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். கட்டணமோ பொதுவாகக் குடும்ப வருவாயை நோக்கி வகுக்கப்படுவது. ஆதலின் ஏழைப்பிள்ளை எட்டமுடியாத கனி அன்று.

இவ்வளவு நன்மையிருக்க, யான் தயங்குவது ஏன்?

நம்மவருள் ஒருவர் தம் நஞ்சையை ஈடுவைத்து மகனை ஐரோப்பாவின் பழங்கழகம் ஒன்றிற்கு அனுப்பினார். புறப்படுமுன் அவர் என்னை வினவியபோது, “பாடமெல்லாம் ஆங்கிலம், பிள்ளைக்கு ஆங்கிலம் நன்கு வரும், அதுவே போதும்” என்றேன். முதலிரண்டு ஆண்டும் அப்பிள்ளை நன்றாகவே தேறினான். மூன்றாமாண்டில் நோயாளிகளிடத்துச் செல்ல நேர்ந்தது. மூதாட்டி ஒருத்தி மார்பிற் கைவைத்து ஒரே சொல்லை மும்முறை கூறினாள். இவன் வலி என்று எண்ணிக் குறித்தான். அவள் சொன்னது மூச்சடைப்பு. ஆசிரியர் திருத்தினார்; அம்மூதாட்டியோ சுவர்ப்புறம் முகந்திருப்பிக்கொண்டாளாம். அவ்வாண்டு அவன் செய்முறைத் தேர்வில் தவறினான், ஓராண்டு வீணாயிற்று, தந்தையார்க்கு வட்டியும் ஏறிற்று. அந்த ஓராண்டிற்கு என் சொல்லும் ஒரு காரணம் என்பதை இவ்வவையில் ஒப்புக்கொள்கின்றேன்.

நூலின் மொழி வேறு. நோயாளியின் மொழி வேறு. 1540-களில் பாதுவாவின் தா மோந்தே என்னும் ஆசிரியர் மாணாக்கரை மருத்துவமனைக்கு அழைத்துச்சென்று, படுக்கையருகே நின்று கற்பித்தார். பாடம் இலத்தீனாயினும் படுக்கையிற் கிடந்தவன் தன் ஊர்ப்பேச்சிலேயே முனகியிருப்பான். இன்றும் அஃதே நிலை.

திரும்பி வந்தபின்னும் இவ்விடர் தீர்ந்தபாடில்லை. நம் பாட்டிமார் குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல் என்று வேறுபடுத்திச் சொல்லும் நோவனைத்தையும் ஒற்றை ஆங்கிலச் சொல்லில் அடக்கும் மருத்துவன், பாதி நோயையே கேட்டவனாவான். அமெரிக்கரான சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் பின்னர்த் தமிழிலும் மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை முதலிய நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியை வந்தவர் கற்றார், பிறந்தவர் மறக்கலாமோ?

இனி, கடனுதவிபற்றி என் கருத்தைக் கூறுவேன். உதவுவோம், ஆயின் மூன்று கட்டுப்பாடு வேண்டும். முதலாவது, செல்லும் நாட்டுமொழியைப் புறப்படுமுன் ஓராண்டேனும் கற்றிருத்தல். இரண்டாவது, நம் நாட்டு விதிகளைத் தரகர் வாய்மொழியால் அன்றி, நேரே படித்தறிதல். நீட் தேர்வில் தகுதி பெற்ற பின்னரே செல்லல் வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி 54 மாதத்திற்குக் குறையாத படிப்பும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும், ஆங்கிலப் பாடமொழியும், அந்நாட்டில் மருத்துவம் செய்யும் உரிமையும் வேண்டும். மீண்டபின் இங்கே உரிமத் தேர்வும் 12 மாதப் பயிற்சியும் உண்டு. ஆறாண்டுக் கல்வியினுள்ளேயே பயிற்சி அடங்கியதாயின், அது நம் விதிக்குப் பொருந்துமா என்பதை எழுத்தில் உறுதிசெய்தபின்னரே நிலத்தை ஈடுவைத்தல் வேண்டும். மூன்றாவது, பெண்மக்கட்கும் ஆண்மக்களோடொப்ப உதவுதல். எலனா கொர்னாரோ என்னும் நங்கை அதே பாதுவாவில் 1678-இலேயே தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றாள் என்பதைத் தயங்குவோர் நினைவிற் கொள்க.

ஒன்று சொல்லி முடிப்பேன். பெரும்பாலான ஐரோப்பியக் கழகங்கள் சமய உறுதிமொழி கேட்ட காலத்தில், பாதுவா யூதர்க்கும் புராட்டசுடண்டுகட்கும் இடமளித்தது. அத்தகைய வாயிலிற் புகுந்து கற்று மீளும் நம் பிள்ளை, தன்னிடம் வரும் நோயாளியை இன்ன குலத்தான் என்று வினவாது, எங்கே வலிக்கின்றது என்று அவன் மொழியிலே வினவுவானாயின், நம் நிதி நற்பயன் எய்தியதாகும்.

அந்தத் தந்தையார் இன்று இக்கூட்டத்தில் அமர்ந்துள்ளார். அவர்தம் மகன் இப்போது அந்நாட்டுமொழியைக் கற்று ஐந்தாமாண்டிற் பயில்கின்றான். அவர்க்கு என் வணக்கம்.