லாஜிக் எங்கே இடிக்கிறது? – ‘டிஸ்ட்ரிக்ட் 9’ திரைப்படத்தை முன்வைத்து

(மாணவர்கள் நடத்திய திரையிடலைத் தொடர்ந்து, விவாதத்தின் முடிவில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



படம் முடிஞ்சதும் நீங்க எழுப்பின கேள்விகளை ஒரு தாள்ல குறிச்சு வச்சிருக்கேன். கேள்விகள் வேறவேறயா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான்: ‘இது எப்படி சாத்தியம்? இங்க லாஜிக் இடிக்குதே?’ விஞ்ஞானப் புனைகதை என்றாலே இந்தக் கேள்வி வரும், வரவும் வேண்டும். ‘கதைதானே, சும்மா பாருங்க’ என்று வாயடைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் நாம் எந்த ஓட்டையைப் பார்க்கிறோம், எந்த ஓட்டை நம் கண்ணில் படாமலே போகிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது. இன்றைக்கு அதைத்தான் பேச விரும்புகிறேன்.

பிந்தி வந்த தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009இல் வெளிவந்த படம். இயக்குநர் நீல் ப்ளோம்காம்ப், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வெள்ளையர். 1982இல் ஒரு பிரம்மாண்டமான விண்கலம் ஜோகன்னஸ்பர்க் நகரத்துக்கு மேலே வந்து நின்றுவிடுகிறது. உள்ளே பட்டினியில் கிடக்கும் வேற்றுக்கிரகவாசிகள். அவர்களை இறக்கி, விண்கலத்துக்கு நேர் கீழே ஒரு முகாம் போடுகிறார்கள். முகாம் சேரியாகிறது, சேரியைச் சுற்றி வேலி வருகிறது. மனிதர்கள் அவர்களை ‘இறால்’ என்று ஏசுகிறார்கள். 28 வருஷம் கழித்து, ஒரு தனியார் ஆயுதக் கம்பெனி அவர்கள் எல்லாரையும் நகரத்துக்கு வெளியே தொலைவில் ஒரு கூடார முகாமுக்குத் துரத்தக் கிளம்புகிறது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கும் விக்கஸ் என்கிற வெள்ளை குமாஸ்தா, ஒரு திரவம் மேலே பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ‘இறாலாக’ மாறுகிறான்.

முதலில் நியாயமான புகார்களை ஒத்துக்கொள்வோம். அந்தத் திரவம் விண்கலத்துக்கு எரிபொருள். அதுவே மனுஷன் மேல பட்டா மரபணுவையும் மாத்திடுதாம். பெட்ரோல் மேல பட்டா ஆள் மோட்டாரா மாறுறதில்லையே! பூமியில் உள்ள உயிர்கள் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, அதனால்தான் மனிதனுக்கும் வாழை மரத்துக்கும்கூட மரபணு என்கிற பொது மொழி இருக்கிறது. வேறொரு கிரகத்தில் தோன்றிய உயிருக்கு அதே மொழி இருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அதேபோல, எரிபொருள் இல்லாத கலம் 28 வருஷம் ஆகாயத்தில் தொங்குகிறது. எந்தச் சக்தியில்? பதில் கிடையாது. இவை ஓட்டைகள்தாம். கதையை நகர்த்த இயக்குநருக்கு ஒரு திரவம் தேவைப்பட்டது, ஊற்றிக்கொண்டார். இதோடு விட்டுவிடலாம்.

அடுத்த வகைதான் சுவாரசியமானது. நீங்க ஓட்டைன்னு சொன்ன சில இடங்கள் ஓட்டையே இல்லை, வரலாறு.

‘கம்பெனிகிட்ட துப்பாக்கி இருக்கு, ஹெலிகாப்டர் இருக்கு. அப்புறம் எதுக்கு வீடு வீடா போய் வெளியேற்ற நோட்டீஸ்ல கையெழுத்து வாங்குறான்?’ என்று ஒரு தோழர் கேட்டார். ஒரு ‘இறால்’ கோபத்தில் அந்த அட்டையைத் தட்டிவிடுகிறது. விக்கஸ் அதையே கையெழுத்தாகக் கணக்கு வைத்துக்கொள்கிறான். எல்லாரும் சிரிச்சோம். ஆனால் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு செய்ததெல்லாம் சட்டப்படியே செய்ததுதான். 1950இல் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த இனம் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று அது வரையறுத்தது. ஜோகன்னஸ்பர்க்கின் சோஃபியாடவுன் மக்களை விரட்டுவதற்கென்றே 1954இல் தனிச்சட்டம் போட்டார்கள். 1955 பிப்ரவரியில் சுமார் 2000 போலீஸ்காரர்களோடு லாரிகள் வந்தன. இடித்த இடத்தில் வெள்ளையர் குடியிருப்பு கட்டி, அதற்கு ‘வெற்றி’ என்று பொருள்படும்படி ‘ட்ரியோம்ஃப்’ எனப் பெயர் சூட்டினார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினரை, அவர்களில் தமிழர்கள் கணிசம், சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்ததும் அதே 1950ஆம் வருஷச் சட்டந்தான். துப்பாக்கி வச்சிருக்கிறவனுக்குக் காகிதம் தேவையில்லைன்னு நாம நினைக்கிறோம். அவனுக்குத்தான் காகிதம் ரொம்பத் தேவை. அடுத்த நாள் ‘நான் செய்தது குற்றமில்லை’ என்று சொல்வதற்கு அவனிடம் வேறென்ன இருக்கிறது?

இரண்டாவது: ‘வேற்றுக்கிரகவாசிக்கு எப்படி கிறிஸ்டோபர் ஜான்சன்னு பேரு?’ இதுக்கும் சிரிச்சோம். பதிவேட்டில் எழுதுகிறவன் வாயில் நுழைகிற பேர்தான் பதிவேட்டில் இருக்கும். மண்டேலாவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரோலிஹ்லாஹ்லா. பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் நாள் ஆசிரியை வைத்த பெயர்தான் நெல்சன். உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் அவரை அறிந்திருக்கிறது. இது யாருக்கும் லாஜிக் இடிப்பதாகத் தோன்றியதில்லை.

மூன்றாவது: ‘இவன் அவன் பாஷையில பேசுறான், அது அதோட பாஷையில பேசுது, ரெண்டு பேருக்கும் எப்படிப் புரியுது?’ ஒருவர் ஜூலுவில் கேட்க மற்றவர் சோத்தோவில் பதில் சொல்லும் ஊர் ஜோகன்னஸ்பர்க். 1990களின் நடுவிலேயே 11 ஆட்சிமொழிகளை ஏற்ற நாடு அது. தொண்டையின் அமைப்பு வேறாக இருப்பதால் மற்றவரின் மொழியைப் பேச முடியாமல் போகலாம். ஆனால் இருபது வருஷம் காதில் விழுந்த மொழி புரியாமலா போகும்? இந்தப் படத்தில் மிகவும் நம்பத்தகுந்த விஷயம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறேன். கிட்டத்தட்ட எல்லாருமே கேட்டீர்கள்: ‘அவங்ககிட்ட அவ்வளவு பயங்கரமான ஆயுதங்கள் இருக்கு. மனுஷனால அதைச் சுடக்கூட முடியாது, அவங்க கைக்கு மட்டுந்தான் இயங்கும். அப்படியிருந்தும் ஏன் எதிர்த்து அடிக்கல? பூனைத் தீவனத்துக்குப் போய் ஆயுதத்தை விக்கிறாங்களே, இது நம்புற மாதிரியா இருக்கு?’

படமே இதுக்கு ஒரு விடை வச்சிருக்கு. படம் ஆவணப்படம் போல எடுக்கப்பட்டது. இடையிடையே நிபுணர்கள் வந்து பேட்டி கொடுப்பார்கள். அவர்களில் ஒருவர் சொல்கிறார்: இங்கே வந்து சேர்ந்தது தொழிலாளர் வர்க்கம் மட்டும், தலைமை செத்துப்போச்சு, இவர்களுக்குச் சொந்தமாக யோசிக்க வராது, யாராவது ஆணையிட்டால்தான் செய்வார்கள். எறும்புப் புற்று, தேன்கூடு மாதிரி. நீங்களும் விவாதத்தில் அதையே திருப்பிச் சொல்லி, ‘சரி, அப்போ ஓட்டை அடைஞ்சுடுச்சு’ என்று நகர்ந்துவிட்டீர்கள்.

தோழர்களே, நிபுணர் சொன்னதை நாம் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினோம்? ‘பிறவியிலேயே உழைக்க மட்டும் படைக்கப்பட்டவன், யோசிக்கிறவன் வேறொருவன்’ என்கிற வாசகத்தை வேறு எங்கும் கேட்டதில்லையா நாம்? நம்மைப் பற்றிச் சொன்னால் கொதிப்போம். திரையில் கோட்டு போட்டவர் உட்கார்ந்து பூச்சியைப் பற்றிச் சொன்னால் அறிவியல் என்று தலையாட்டுகிறோம்.

படத்தையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். கிறிஸ்டோபர் யார்? கம்பெனிக்காரனிடம் ‘இந்த நோட்டீஸ் சட்டவிரோதம்’ என்று வாதாடுகிறவன். குப்பைமேட்டில் கிடக்கும் தங்கள் எந்திரத் துண்டுகளிலிருந்து இருபது வருஷம் துளித்துளியாகத் திரவம் சேகரித்தவன். குடிசைக்கு அடியில் ஒரு கலத்தையே மறைத்து வைத்திருப்பவன், மகனுக்கு அதை இயக்கச் சொல்லிக்கொடுப்பவன். யோசிக்கத் தெரியாத தேனீயா இவன்? நிபுணர் சொன்னது உண்மையானால் கிறிஸ்டோபர் என்கிற பாத்திரம் ஓட்டை. கிறிஸ்டோபர் உண்மையானால் நிபுணர் சொன்னது பொய். நான் கிறிஸ்டோபரைத்தான் நம்புகிறேன். நிபுணரை அந்த முகாமுக்குள் போய் வாழாதவராக, வேலிக்கு வெளியே நின்று எழுதியவராகப் பார்க்கிறேன். இயக்குநர் இப்படி நினைத்துத்தான் எடுத்தாரா என்பது முக்கியமில்லை. பிரதி அதற்கு இடம் தருகிறது.

‘அவர்கள் எதிர்க்கவில்லை’ என்பதே சரிதானா? எதிர்ப்பு என்றால் துப்பாக்கி வெடிக்கணும், அப்பத்தான் நம்ம கண்ணுக்குத் தெரியும். இருபது வருஷத் துளித்துளி சேகரிப்பை எதிர்ப்பு என்று எண்ண நமக்குப் பழக்கமில்லை. பூனைத் தீவனத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகக் கொடுக்கும் ‘டாப்’ முறை தலைமுறை தலைமுறையாக இருந்தது. சட்டம் தடைசெய்த பிறகும் வெகுகாலம் தொடர்ந்தது. குடிக்க வைத்தவனே பிறகு ‘இவனுங்க குடிகாரனுங்க’ என்பான். வேலி போட்டு, வேலையைப் பிடுங்கி, ஒரு பொருளுக்கு ஏங்க வைத்துவிட்டு, ‘ஆயுதத்தை விற்கிறானே, முட்டாளா?’ என்று கேட்பதும் அதே மாதிரிதான்.

சரி, நாம யாருமே கேட்காத ஓட்டைகள் எது? என் தாளில் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. நானே இரண்டைச் சொல்கிறேன்.

விண்கலம் வந்தது 1982இல். அன்றைக்கு ஜோகன்னஸ்பர்க்கை ஆண்டது யார்? பி. டபிள்யூ. போத்தாவின் நிறவெறி அரசு. அந்த வருஷந்தான் மண்டேலாவை ராபன் தீவிலிருந்து போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றினார்கள். படத்தின் தலைப்பே கேப் டவுனின் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ பகுதியை நினைவுபடுத்துவது. 1966இல் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். 1982க்குள் 60,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி மணல்வெளிக்குத் துரத்தப்பட்டிருந்தார்கள். அதே 1982! ஆனால் படத்தில் நிறவெறி அரசு என்று ஒன்று இருந்ததாகவே சுவடில்லை. 1994இல் அது ஒழிந்ததாகவும் சுவடில்லை. திரையில் ‘இறால்களை வெளியேற்று’ என்று ஆத்திரப்படுகிற முகங்களில் பெரும்பாலானவை கறுப்பு முகங்கள்.

கொஞ்சம் யோசிங்க. பிறந்த ஒவ்வொருவரையும் இனம் பிரித்துப் பதிவுசெய்த அரசு அது. தலைமுடியில் பென்சிலைச் செருகி, கீழே விழுகிறதா என்று பார்த்து இனத்தை முடிவுசெய்த அரசு. பத்து லட்சம் வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்கினால் எந்தப் பத்தியில் எழுதியிருக்கும்? வியாபாரம் தேவைப்பட்டபோது ஜப்பானியருக்குக் ‘கௌரவ வெள்ளையர்’ அந்தஸ்து கொடுத்த அரசு அது. அப்படிப்பட்ட ஆயுதங்களோடு வந்தவர்களை முதலில் சேரியில் தள்ளியிருக்குமா, விருந்துக்குக் கூப்பிட்டிருக்குமா? இந்தக் கேள்வியிலேயே இன்னொரு படம் இருக்கிறது. ‘இந்தப் படமே நிறவெறிக்கு உருவகந்தானே, தனியா எதுக்குக் காட்டணும்?’ என்று நீங்கள் கேட்கலாம். கதை வேறொரு நகரத்தில் நடந்திருந்தால் அந்த வாதத்தை ஏற்பேன். அதே நகரம், அதே வருஷம் என்று போட்டுவிட்டு, அசலை அழித்து உருவகத்தை மட்டும் வைத்தால் அது உருவகமில்லை, மறைப்பு.

இரண்டாவது ஓட்டை, நைஜீரியர்கள். வேலிக்குள் ஆயுதம் வாங்கி விற்கிறார்கள், ‘இறால்’ மாமிசம் தின்றால் பலம் வரும் என்று தின்கிறார்கள். தலைவனுக்கு நைஜீரிய முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோவை ஞாபகப்படுத்தும் பெயர். 2009இல் நைஜீரியாவின் தகவல் துறை அமைச்சர் டோரா அகுன்யிலி படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுக்கச் சொன்னார், மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நிறவெறியை எதிர்த்து 1976 ஒலிம்பிக்கைப் புறக்கணித்த நாடு நைஜீரியா, 1979இல் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியின் சொத்துகளை நாட்டுடைமையாக்கிய நாடு. வேற்றுக்கிரகவாசி மீது இரக்கம் வரவழைக்கிற படம், பக்கத்து மனிதனை நரமாமிசக்காரன் மாதிரி காட்டுகிறது. இது நமக்கு இடிக்கவே இல்லை. ‘ஆப்பிரிக்கான்னா அப்படித்தான்’ என்று பொதுப்புத்தி ஏற்கெனவே அந்த ஓட்டையை அடைத்து வைத்திருக்கிறது.

இத்தனைக்கும் ப்ளோம்காம்ப் விஷயம் தெரியாதவர் அல்ல. இந்தப் படத்துக்கு முன்னோடியான குறும்படத்தில் வேற்றுக்கிரகவாசிகளைத் திட்டும் பேட்டிகள், உண்மையில் ஜிம்பாப்வே போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றி உள்ளூர் மக்களிடம் கேட்டு வாங்கிய பதில்கள். படம் எடுத்தது சொவேட்டோவின் சியாவெலோவில், குடிசைவாசிகளை அரசு வேறு வீடுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்த இடத்தில். அதே 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் தொடங்கிய அந்நியர் வெறுப்பு வன்முறையில் 60க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒடுக்கப்பட்டவன் இன்னொருவனை ஒடுக்குவான் என்கிற கசப்பான உண்மையைப் படம் துணிந்து காட்டுகிறது. அதற்காகவே இதைப் பார்க்கச் சொல்கிறேன். ஆனால் அந்த வெறுப்பை விதைத்து வளர்த்த அரசைக் காட்டாமல் விட்டால், வெறுப்பு கறுப்பு மக்களின் இயல்பு என்றாகிவிடும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ‘நம்ப முடியவில்லை’ என்பது வெறும் அறிவியல் தீர்ப்பு அல்ல. எதை நம்பப் பழக்கப்பட்டிருக்கிறோமோ அதற்கு மாறாக வருவதுதான் நமக்கு இடிக்கிறது. திரவம் இடிக்கிறது, தொங்கும் கலம் இடிக்கிறது, அடிமைப்பட்டவனின் பொறுமை இடிக்கிறது. ஆட்சி செய்தவன் காணாமல் போனது மட்டும் இடிக்கவில்லை. அடுத்த படத்துக்கு வரும்போது ஆளுக்கொரு தாள் கொண்டுவாங்க. ஒரு பக்கம், எது நம்பும்படியாக இல்லை என்று எழுதுங்கள். மறுபக்கம், எதைக் கேள்வியே இல்லாமல் நம்பினேன் என்று எழுதுங்கள். விவாதத்தை அந்த இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குவோம்.