கைநாட்டுக்குப் பின்னால் ஒரு காரணம்



தோட்டத்தில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வயது நாற்பது. செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்த மாத்திரத்தில், வெட்டும் பக்குவமா இல்லையா என்று சொல்லிவிடுவார். பழுதான மோட்டார் சைக்கிளைப் பிரித்து மறுபடி பூட்டிவிடுவார். லயத்தில் சண்டை என்றால் நியாயம் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு மண்டோர் வேலை வந்தபோது, "வேண்டாங்க, எனக்கு இதுவே போதும்" என்று ஒதுங்கிக்கொண்டார். மண்டோர் என்றால் பேர் பதிய வேண்டும், குலைக் கணக்கு எழுத வேண்டும். அவருக்கு எழுத்து ஏறவில்லை. இது அவர் மனைவிக்கு மட்டுமே தெரிந்த இரகசியம்.

இவரைப் போன்றவர் உங்கள் தோட்டத்திலோ, தோட்டத்தை விட்டு வந்து குடியேறிய அடுக்குமாடியிலோ இருக்கக்கூடும். அவரைக் கைநாட்டு என்றும் மக்கு என்றும் சொல்லிவிடுவது சுலபம். ஏன் எழுத்து ஏறவில்லை என்று கேட்பவர்கள் குறைவு. இன்று அதைத்தான் நாம் கேட்கப் போகிறோம்.

காரணம் இரண்டு வகையாக இருக்கலாம். முதலாவது, படிக்க வாய்ப்பே இல்லாமல் போவது. நம் செபராங் பிறைப் பக்கம் முதலில் கரும்பு, பிறகு ரப்பர், அதன் பிறகு செம்பனை என்று தோட்டங்கள் மாறின. பிள்ளைகளின் படிப்பு அதே வேகத்தில் மாறவில்லை. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறியது. ஆனால் பல தோட்டங்களில் ஒரே ஆசிரியர், ஒரே கொட்டகை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், பால் மரத்தடியில் அம்மாவுக்கு உதவவும் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இந்நாட்டில் தொடக்கக் கல்வி கட்டாயமானதே 2003ஆம் ஆண்டில்தான். அப்படி நின்றவர்களுக்கு மூளையில் குறை எதுவும் இல்லை. சொல்லிக் கொடுத்தால் படித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வகையினர் ஒழுங்காகப் பள்ளிக்குப் போனவர்கள். ஆசிரியரும் சொல்லிக் கொடுத்தார், இவரும் முயன்றார், ஆயினும் எழுத்து பிடிபடவில்லை. இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். வாசிப்புக் குறைபாடு என்று தமிழில் சொல்லலாம். இது நோயன்று. சோம்பலும் அன்று. பேச்சில் உள்ள ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எழுத்தோடு இணைக்கும் வேலை சிலருக்கு மூளையில் சுலபமாக நடப்பதில்லை. இது குடும்பவழியாகவும் வருவதுண்டு. நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருக்கலாம் என்று கணிக்கிறார்கள். வயது ஏறினால் தானாக மறைவதில்லை.

1896ஆம் ஆண்டு பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கு நன்றாகப் போடுவான். தன் பெயரைக்கூடப் பிழையாக எழுதுவான். பாடம் முழுவதையும் வாயாலேயே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவனுடைய ஆசிரியர். நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பார்க்கும் கண் நமக்கு இன்னும் முழுமையாக வரவில்லை.

நேயர்களே, பெரியவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது சிறுவர்களிடம் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். பெரியவர் தம் குறையை மறைக்கக் கற்றுக்கொண்டவர். "கண்ணாடி கொண்டு வரவில்லை" என்பார். "வீட்டில் போய்ப் பார்க்கிறேன்" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அடிக்கடி பார்த்த சொற்களைப் படம்போல நினைவில் வைத்திருந்து படித்தும் காட்டிவிடுவார். ஆகையால் பெரியவருக்கான பரிசோதனை நான்கு படிகளாக இருக்க வேண்டும்.

முதலில், கதையைக் கேட்க வேண்டும். எத்தனை வருடம் பள்ளிக்குப் போனார், எந்த மொழியில் படித்தார், வீட்டில் வேறு யாருக்கும் இப்படி உண்டா? இதைக் கேட்காவிட்டால் வாய்ப்பு இழந்தவரையும் வாசிப்புக் குறைபாடு உள்ளவரையும் ஒன்றாகக் குழப்பிவிடுவோம்.

இரண்டாவதாக, கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக, அவர் முதலில் கற்ற மொழியில் சோதிக்க வேண்டும். தமிழ்ப் பள்ளியில் படித்தவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டினால், அளக்கப்படுவது அவருடைய ஆங்கிலமே. தமிழில் பெரியவர்களுக்கென்று முறையாக அமைந்த சோதனைகள் அரிது. அதனால் பரிசோதிப்பவர் பக்கத்தில் தமிழ் அறிந்தவர் ஒருவர் இருப்பது அவசியம்.

நான்காவதாக, ஒலியைச் சோதிக்க வேண்டும். "மரம் என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?" என்று வாயால் கேட்பார்கள். "கிமடு" என்பதுபோல் பொருளே இல்லாத சொல்லைப் படிக்கச் சொல்வார்கள். அதை நினைவிலிருந்து சொல்ல முடியாது. எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். சிக்கல் எங்கே என்பது அங்கே வெளிப்பட்டுவிடும். தமிழில் "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலியிலோ ககரம்தான் முன்னால் வருகிறது. இத்தகைய இடங்களில் இவர்கள் தடுமாறுவதைக் கூர்ந்து கவனிக்கலாம்.

எங்கே போவது? முதலில் பக்கத்திலுள்ள அரசாங்க சுகாதார மருந்தகத்துக்குப் போங்கள். "படிப்பு வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஆறு வருடம் பள்ளிக்குப் போயும் வாசிக்க வரவில்லை, பரிசோதனைக்கு அனுப்புங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேளுங்கள். பழைய பள்ளிச் சான்றிதழ் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். மாற்றுத் திறனாளிகளுக்கு 2008ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது. சமூக நல இலாகா பதிவு செய்யும் பிரிவுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்சியாவும் அதில் அடங்கும். மருத்துவர் உறுதிப்படுத்தினால் அட்டைக்கு மனுச் செய்யலாம். அட்டை வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம்.

பரிசோதனை முடிந்து ஒரு காகிதம் கையில் கிடைத்தால் போதாது. அதன் பிறகு உதவி வர வேண்டும். இதற்கு மாத்திரை கிடையாது. ஒலியும் எழுத்துமாகப் படிப்படியாக, தினமும் சிறிது நேரம், சொன்னதையே திரும்பச் சொல்லிக் கற்பிக்க வேண்டும். பெரியவருக்கு அணிலும் ஆடும் வேண்டாம். அவருடைய சம்பளச் சீட்டே பாடப் புத்தகமாகட்டும். கைத்தொலைபேசியில் எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது. பிள்ளைகள் அதைத் திறந்து கொடுக்கலாம்.

வேலை இடத்தில் கிராணியும் மண்டோரும் அறிவிப்புகளைப் பெரட்டில் வாயாலும் சொல்லட்டும். இது உயிர்க் காரியமும்கூட. நம் நாட்டில் பூச்சிமருந்துப் புட்டிகளில் ஆபத்தின் அளவைக் காட்ட நிறப்பட்டை உண்டு. கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை; அடுத்து மஞ்சள், நீலம், வெள்ளை. வாசிக்க வராதவருக்கும் நிறம் தெரியும். ஆனால் எவ்வளவு கலப்பது, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்பதை நிறம் சொல்லாது. அதை ஒருவர் வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. அப்பாவுக்கு எழுத்து ஏறவில்லை என்றால் மகனுக்கோ பேத்திக்கோ அதே சிக்கல் வரலாம். அப்பா மறைத்தால் பிள்ளையும் மறைக்கும், அடியும் வாங்கும். "எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்று அப்பா ஒரு முறை வாய் திறந்து சொன்னால், அந்தப் பிள்ளைக்கு ஏழு வயதிலேயே உதவி கிடைக்கும். நாம் தொடக்கத்தில் பார்த்தவர் மண்டோர் ஆகிறாரோ இல்லையோ, அந்த ஒரு வார்த்தையை இன்று இரவு சாப்பாட்டு வேளையில் தம் வீட்டில் சொல்லலாம் அல்லவா?