கப்பல் தடுமாறினா, அலர்ட் யாருக்குப் போகும்?

ஈக்காட்டுத்தாங்கல்ல இருந்து இன்னொரு எபிசோட். நம்ம ஏரியால பாலம்னா அடையாறு மேல இருக்குறதுதான். அதுக்குக் கீழ கப்பல் வராது. ஆனா இன்னிக்குப் பேசப்போற விஷயம் மெரினா, திருவான்மியூர் வரைக்கும் வந்த விஷயம். அதனால கொஞ்சம் கேளுங்க.

முதல்ல அமெரிக்காவுல பால்டிமோர். 2024 மார்ச் 26, நள்ளிரவு தாண்டின கொஞ்ச நேரத்துல ‘டாலி’ங்கிற கன்டெய்னர் கப்பல் கொழும்புக்குக் கிளம்புது. கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளம். அதுல வேலை பார்த்தவங்க ஒருத்தரத் தவிர எல்லாரும் இந்தியர்கள். பாலத்த நெருங்குறப்போ கப்பல்ல கரன்ட் போயிடுச்சு. இன்ஜின் நின்னுடுச்சு, திருப்பவும் முடியல.

அப்போ அதோட வேகம் சைக்கிள் வேகம்தான். ஆனா அவ்வளவு எடைய அந்த தூரத்துல நிறுத்த எந்த வழியும் கிடையாது. நங்கூரம் போட்டுப் பார்த்தாங்க, பலிக்கல. சுமார் 4 நிமிஷத்துல பாலத்தோட தூண்ல மோதிடுச்சு.

காரணம் என்ன தெரியுமா? ஒரு ஒயர். அதுல ஒட்டியிருந்த லேபிள், ஒயர கனெக்டருக்குள்ள முழுசா நுழைய விடல. லூஸ் கனெக்‌ஷன். 2025 நவம்பர்ல விசாரணை வாரியம் சொன்னது இது. அவ்வளவு பெரிய சிஸ்டத்துல இந்த மாதிரி ஒண்ணு எப்பவும் ஒளிஞ்சிருக்கும். புரொடக்‌ஷன்ல கை வெச்சவங்க யாருக்கும் இது ஆச்சரியமா இருக்காது.

எனக்கு முக்கியமா பட்டது அடுத்து நடந்தது. கப்பல்ல இருந்த பைலட் உடனே தகவல் சொல்லிட்டார். போலீஸ் ரெண்டு பக்கமும் வண்டிகள நிறுத்திட்டாங்க. எத்தனையோ பேர் பிழைச்சாங்க. ஆனா பாலத்து மேல ரோடு ரிப்பேர் பண்ணிட்டிருந்த தொழிலாளர்களுக்கு அந்தத் தகவல் நேரத்துக்குப் போகல. 6 பேர் செத்துட்டாங்க. போலீசுக்கு வந்த அதே நேரத்துல அவங்களுக்கும் சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாம்னு விசாரணை சொல்லுது. அலர்ட் அடிச்சது. போக வேண்டிய ஒரு இடத்துக்கு மட்டும் போகல.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2017 ஜனவரி 28, விடியறதுக்கு முன்னாடி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. கேஸ் இறக்கிட்டு வெளிய போன ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, எண்ணெய்ப் பொருள் ஏத்திட்டு உள்ள வந்த ‘டான் காஞ்சிபுரம்’. உயிர்ச்சேதம் இல்ல. எண்ணெய் கசிவால பாதிப்பு எதுவும் இல்லன்னு துறைமுகம் முதல்ல அறிக்கை விட்டுச்சு. ஆனா கறுப்பு எண்ணெய் கரைக்கு வந்துச்சு. எண்ணூர்ல, மெரினாவுல, திருவான்மியூர்ல. ஆமைகள் செத்து ஒதுங்குச்சு. மீன் வாங்க ஆள் இல்ல. கடைசியில மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்ல அள்ளினாங்க.

எண்ணெய்க் கசிவுக்குன்னு தேசியத் திட்டம் ஒண்ணு 1996ல இருந்தே இருக்கு. பொறுப்பு கடலோரக் காவல்படைக்கு. டாகுமென்ட் இருந்தும் கையில இருந்தது பக்கெட்தான். 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணூர்ல மறுபடி எண்ணெய் பரவினப்போ, அதுக்கும் கப்பலுக்கும் சம்பந்தம் இல்ல, அப்பவும் மீனவர்கள் கையில பக்கெட்.

பாலமும் நமக்கு இருக்கு. 2013 ஜனவரியில கடற்படைக்கான ஒரு பார்ஜ் பாம்பன் ரயில் பாலத்துல மோதி, ரயிலையே நிறுத்த வேண்டியதாச்சு. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாச்சு. நடுப்பகுதி அப்படியே செங்குத்தா மேல போகும். பார்க்க அழகா இருக்கு. அதோட சேர்த்து ஒரு கேள்வியும் கேக்கணும்: அங்க ஒரு படகோ கப்பலோ கட்டுப்பாட்ட இழந்தா, ரயில் டிரைவருக்கும், பாலத்துல வேலை செய்யுற கேங்மேனுக்கும் எத்தனை நிமிஷத்துல தகவல் போகும்?

எண்ணூருக்கும் அதே கேள்வி. அடுத்த தடவை மோதினா, காசிமேட்டுல படகு எடுக்கப் போறவருக்கு யார் போன் பண்ணுவா? எந்த ஒயர் எப்போ லூஸ் ஆகும்னு யாராலயும் முழுசா சொல்ல முடியாது. யாருக்கு முதல்ல சொல்லணும்ங்கிற லிஸ்ட்ட இன்னிக்கே எழுதலாம். அதுல கடைசி ஆளோட பேரும் இருக்கணும்.

உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.