உரக்க வாசித்த பதிவேடு



அரசியலில் எங்களுக்கு நம்பிக்கையில்லை என்று, இன்று பட்டம் பெறும் இளைஞர்களும் யுவதிகளுமாகிய நீங்கள் சொல்லும்போது, பெரியோர் பலர் அதைச் சிரத்தையின்மை என்று கருதி வருந்துகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. சத்தியத்தையும் சமத்துவத்தையும் மெய்யென்று கற்று வளர்ந்த உள்ளம், பொதுவாழ்வில் அவை மிதிபடக் காணுங்கால் அடையும் வேதனையே பெரும்பாலும் அவநம்பிக்கை என்னும் பெயரில் வெளிப்படுகிறது. அவ்வேதனை ஒதுங்கிப் போகுமா, உள்ளே புகுந்து கணக்குக் கேட்குமா என்பதைப் பற்றியே எனக்குக் கவலை.

அவ்வாறு கணக்குக் கேட்டோரின் வரலாறு ஒன்று உண்டு. சென்னையில் பிறந்த அருணா ராய், இந்திய ஆட்சிப் பணியைத் துறந்து ராஜஸ்தானத்துக் கிராமங்களுக்குச் சென்றார். அவரும் தோழர்களும் 1990-இல் நிறுவிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பு, 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் பொது விசாரணையைக் கூட்டியது. பஞ்சாயத்து வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது கூலிப் பதிவேட்டை, ஊரார் நடுவே உரக்க வாசித்தார்கள், செய்தது அவ்வளவே. ஆனால் அத்தகைய விசாரணைகளில், வேலைக்கே போகாதவர்களும், ஏன், இறந்துபோனவர்களுங்கூடக் கூலி பெற்றதாகப் பதிவாகியிருந்தது அம்பலமாயிற்று. அதிகாரியின் முன் வாய்திறக்க அஞ்சியிருந்த ஏழைத் தொழிலாளிகள், தம் பெயர் வாசிக்கப்பட்டதும் எழுந்து நின்று சாட்சி சொன்னார்கள். அடுத்து, இத்தகைய ஏடுகளைக் காணும் உரிமை கேட்டு, 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. நாடெங்கும் பலர் பாடுபட்டதன் பயனாக 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்தது. இன்று 10 ரூபாய்க் கட்டணத்துடன் எந்தப் பிரஜையும் மத்திய அரசின் அலுவலகத்தில் மனுச்செய்து, 30 நாளுக்குள் விடை கேட்கலாம்.

அந்த ஏழை மக்களுக்கு அரசின்மீது பக்தியிருந்ததாக நான் நினைக்கவில்லை. தாம் உழைத்த கூலி தமக்கு நியாயமாகச் சேரவேண்டும் என்னும் தர்ம உணர்ச்சி ஒன்றே அவர்களிடம் இருந்தது; நம்பிக்கை பின்னால் வந்தது, அதுவும் தலைவர்மீதன்று, எவரும் திறந்து பார்க்கக்கூடிய ஏட்டின்மீது.

உங்களில் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். அக்டோபர் 2-ஆம் தேதி உங்கள் ஊரில் கிராமசபை கூடும். 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினரே. தீர்மானம் எழுதப்படாத வெற்றுத்தாளைக் காட்டி, “சும்மா ஒரு கையெழுத்துப் போடு தம்பி” என்று வாஞ்சையோடு எவரேனும் நீட்டினால், மரியாதை குன்றாமல், “முதலில் தீர்மானத்தை எழுதி வாசியுங்கள், ஐயா” என்று கேளுங்கள்.