ஊசியின் பலன் குறைவதேன்?

(வண்ணாரப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



"இரண்டு ஊசி போட்டுக்கொண்டேன், அப்படியும் கொரோனா வந்தது, ஆகையால் ஊசி வெறும் புரட்டு" என்று நமது பேட்டையில் பலர் சொல்லுகிறார்கள். 2020 மே மாதத்தில் சென்னை மண்டலங்களிலேயே நம் இராயபுரத்தில்தான் தொற்று அதிகமாய் இருந்தது. அப்பேர்ப்பட்ட அடிபட்ட நாம் இதைப் பற்றிச் சற்று நிதானமாய் யோசிக்க வேண்டாமா?

ஊசி மருந்தே உடம்பில் தங்கிக் காவல் காப்பதில்லை. கிருமியின் அடையாளத்தை உடம்புக்குக் கற்றுக் கொடுப்பதே அதன் வேலை. பிறகு உடம்பு எதிர்ப்புப் பொருளை ஏராளமாய் உண்டாக்குகிறது. சில மாதங்களில் அது குறையும். அப்போது மூக்கு, தொண்டை வழியே கிருமி நுழைந்துவிடலாம். ஆனால் கற்ற பாடத்தை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் இரத்தத்தில் இருக்கின்றன. அவை சில நாட்களில் படை திரட்டி, நோய் முற்றாமல் தடுக்கின்றன. ஆகவே சளி, காய்ச்சல் வராமல் தடுக்கும் பலன் சீக்கிரம் குறைகிறது. உயிரைக் காக்கும் பலனோ மெதுவாய்த்தான் குறைகிறது.

இதோடு கிருமியும் உருமாறுகிறது. 2021 கடைசியில் வந்த ஒமைக்ரான் அப்படிப்பட்டதே. அதனால்தான் 2022 ஜனவரி 10 முதல் சுகாதார ஊழியர், முன்களப் பணியாளர், வேறு நோயுள்ள 60 வயதுக்கு மேற்பட்டோர் ஆகியோருக்கு முன்னெச்சரிக்கை ஊசி போட்டார்கள்.

இது புது விஷயமுமல்ல. 1796-இல் ஜென்னர் கண்ட அம்மைப்பாலின் பலனும் வருஷங்கள் போகப் போகக் குறைந்தது. குறைகிறதென்று அதை எறிந்துவிட்டார்களா? மறுபடியும் குத்தினார்கள். நமது கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலேயே அம்மைப்பால் தயாரித்தார்கள். மாரியாத்தாள் முத்துப் போடுகிறாள் என்று கூழ் ஊற்றிய இந்த நாட்டில் 1975-க்குப் பிறகு பெரியம்மையே இல்லை. இது கூழின் பலனா, குத்திய பலனா?

தாயத்துக் கட்டுகிறவன் அதன் பலன் குறையுமென்று என்றைக்காவது சொன்னதுண்டா? வைத்திய சாஸ்திரமோ எத்தனை மாதத்தில் எவ்வளவு குறைகிறதென்று தானே அளந்து சொல்லுகிறது. குறையைச் சொல்லுகிறதே என்று அதைத் தள்ளிவிட்டு, குறையே சொல்லாததை நம்புவது புத்திசாலித்தனமா?

ஆகையால் வீட்டில் வயோதிகர், நீரிழிவுக்காரர், நெஞ்சு நோயுள்ளவர், கர்ப்பிணிகள் இருந்தால், மறு ஊசி வேண்டுமா என்று வைத்தியரைக் கேளுங்கள். ஆண்டுதோறும் மாற்றிச் செய்யப்படும் ப்ளூ காய்ச்சல் ஊசியைப் பற்றியும் கேளுங்கள். நான் சொல்லுவதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். விசாரித்து, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.