நம்மைக் கேட்காமல் கையெழுத்து வேண்டாம்

நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைத் தோட்டங்களிலிருந்து வேலை முடிந்த கையோடு அட்டனுக்கு வந்திருக்கும் தாய்மாரே, அண்ணன்மாரே, தம்பி தங்கைகளே!

வெளிநாட்டுக் கொள்கை நமக்கெதற்கு, அது கொழும்பும் டில்லியும் பார்த்துக்கொள்ளும் காரியம் என்று சிலர் சொல்கிறார்கள். இந்த நாட்டிலே வெளிநாட்டுக் கொள்கை லயத்துக் காம்பராவுக்குள் புகுந்து குடும்பத்தைப் பிரித்தது நமக்குத்தான்!

1964 ஒக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் நம்மைப் பங்கிட்டு ஒப்பந்தம் போட்டார்கள். குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளி மக்கள் மொத்தம் 975,000 பேர். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாக்கினார்கள். அண்ணன் இங்கே, தம்பி நீலகிரியிலே. தலைமன்னாரில் கப்பலேறிய எத்தனையோ பேர் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை!

நேரு இருந்தவரை, விரும்பாதவர்களைக் கட்டாயப்படுத்தி அழைத்துக்கொள்ள மாட்டோம் என்று நின்றார். 1964 மே மாதம் அவர் மறைந்தார். ஐந்தே மாதத்தில் டில்லியின் நிலை மாறியது. ஒரு தலைவரின் மனத்தை மட்டும் நம்பியிருந்த மக்களின் கதி அதுதான்.

மற்ற நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவில் சனாதிபதி கையெழுத்திட்டாலும் செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வில்சன் கையெழுத்திட்ட வெர்சாய் உடன்படிக்கையையே அந்தச் சபை தள்ளிவிட்டது. சுவிட்சர்லாந்தில் 1992இல், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர அரசாங்கம் விரும்பியது. மக்கள் வாக்களித்து, முடியாது என்றார்கள். இந்தியாவில் ஒப்பந்தம் செய்ய நாடாளுமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை. ஆனாலும் 2011இல் வங்காளதேசத்தோடு தீஸ்தா நதிநீர் உடன்பாடு தயாராக இருந்தும், மேற்கு வங்க முதலமைச்சர் மம்தா பானர்ஜி மறுத்ததால் நின்றுபோனது. அவர் பின்னால் வாக்கு இருந்தது. டில்லி பணிந்தது.

நம் பின்னால் என்ன இருந்தது? 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பினோம். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1949இல் வாக்கைப் பறித்தார்கள். வாக்கில்லாதவனை யார் கேட்பார்கள்? 1964இன் அநியாயத்துக்கு அப்போதே அத்திவாரம் போட்டாயிற்று!

இன்றைக்கும் என்ன நடக்கிறது? ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குப் பட்ட கடன் 251 மில்லியன் டொலரைத் தேயிலையால் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் முடிவெடுத்தார்கள். கொழுந்து பறிக்கும் கையை ஒரு வார்த்தை கேட்டார்களா?

இரு நாடுகள் பேசும்போது இரகசியம் வேண்டாமா என்று கேட்கலாம். பேச்சு இரகசியமாக நடக்கட்டும், மறுக்கவில்லை. கையெழுத்து மட்டும் மக்களுக்கு மறைவாக விழக்கூடாது. மலையக மக்களின் வாழ்வைத் தொடும் எந்த உடன்பாடும் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, நம் கருத்துக் கேட்கப்பட்ட பிறகே செல்லும் என்று சட்டம் வேண்டும்.

2003இல் வந்த குடியுரிமைச் சட்டத்தோடு, நாடற்றவர் என்ற பழி நம்மை விட்டு நீங்கியது. இன்று நம் கையில் வாக்கு இருக்கிறது. அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு லயத்து வாசலுக்கு வருகிறவரிடம் தகரமும் சீமெந்தும் கேட்காதீர்கள். நம்மைக் கேட்ட பிறகே உடன்பாடு என்ற சட்டத்துக்குக் கை உயர்த்துவாயா என்று கேளுங்கள். உயர்த்தாதவருக்கு நம் வாக்கு இல்லை!