வயிறு சொல்வதைக் கேளுங்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



சாதாரண தரப் பரீட்சையன்று காலை அம்மா தந்த இடியப்பத்தை என்னால் விழுங்க முடியவில்லை. ரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, இதே மண்டப வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “சும்மா பயம்” என்றார்கள். பயம் உண்மைதான்; ஆனால் சும்மா அல்ல. வைத்தியம் படிக்கப் போன பிறகுதான் அது விளங்கியது.

மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில், முண்ணாணுக்குச் சற்று மேலே, நீள்வளைய மையவிழையம் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் வேகஸ் நரம்பு, கழுத்து, நெஞ்சு வழியாக இறங்கி இரைப்பையை அடைகிறது. இரைப்பைத் தசைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 அலைகள் என்ற சொந்தத் தாளம் உண்டு. அந்த அலை வலுப்பதையும் தளர்வதையும் மூளைத்தண்டு இந்த நரம்பின் மூலம் நெறிப்படுத்துகிறது. ஒரு கவளத்தை விழுங்கும்போதே இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுப்பதும் அதனால்தான். இன்னொரு விடயம்: வேகஸின் இழைகளில் பெரும்பாலானவை கட்டளையைக் கீழே கொண்டுபோவன அல்ல, வயிற்றின் செய்தியை மேலே கொண்டுவருவன.

அமெரிக்காவில் வோல்டர் கனன் என்பவர் பூனைகளின் இரைப்பையை எக்ஸ்ரே மூலம் பார்த்து, 1898இல் தம் ஆய்வை வெளியிட்டார். பூனை கலவரமடைந்ததும் இரைப்பையின் அசைவு நின்றுபோனதை அவர் கண்டார். பரீட்சை வாசலில் எனக்கு நேர்ந்ததும் அதுபோன்றதே.

பயம் போனால் அசைவு திரும்பிவிடும். நரம்பே பழுதடைந்தால்? எனக்குப் படிப்பித்த மிஸ் ஒருவருக்குப் பல வருடங்களாக நீரிழிவு. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். காலையில் உண்டது மாலையில் வாந்தியாக வரும். “வயசு போனால் அப்படித்தான், பிள்ளை” என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தார். ஒருநாள் இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட பின் மயங்கி விழுந்தார். உணவு இரைப்பையிலேயே தங்கிவிட, இன்சுலின் மட்டும் தன் வேலையைச் செய்துவிட்டது. நீண்டகால நீரிழிவு வேகஸைப் பாதிக்கக்கூடும் என்பதை அன்றுதான் அவருக்கு விளக்கினேன். முன்பே கேட்டிருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

இப்போது அவர் சிறிது சிறிதாகப் பல வேளை உண்கிறார். எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார். இன்சுலின் போடும் நேரத்தை அவருடைய வைத்தியர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

சகோதரிகளே, எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தங்கள் வயிற்றைப் பற்றிப் பேசுவதில்லை. இத்தகைய அறிகுறிகள் இருந்தால் மறைக்காதீர்கள். மருந்தை நீங்களாக மாற்றாமல் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். பரீட்சையன்று உங்கள் மகள் வயிறு நோகிறது என்றால், “சும்மா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.